முதுமலையில் ஏன் வண்டியை விட்டு இறங்க விடுவதில்லை? மலைக்காட்டுத் தேசியப் பூங்கா: முதல்முறை போகிறவர்களுக்கு

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்திலிருந்து வேன் பிடித்து ஊட்டி, முதுமலை என்று சுற்றிவிட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஊட்டியைப் பற்றி நிறையச் சொல்வார்கள். முதுமலை என்றால் இரண்டு புகார்தான் வரும். "நாலு மானைத் தவிர ஒண்ணும் கண்ணுல படல" என்பது ஒன்று. "வண்டிய விட்டு இறங்கவே விடல, அப்புறம் எதுக்கு டிக்கெட்டு?" என்பது இன்னொன்று.

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. தேசியப் பூங்கா என்பது சட்டப்படி மூடிவைக்கப்பட்ட காடு. அதன் ஒரு ஓரத்தை மட்டும், பகலில் சில மணி நேரம், அனுமதி கொடுத்துக் காட்டுகிறார்கள். இது புரிந்துவிட்டால் எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, போய் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு மிருகம் பார்ப்பது என்றால் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த பழைய மிருகக்காட்சி சாலைதான் நினைவுக்கு வரும். 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்த அந்த மிருகக்காட்சி சாலை, 1985-ல் வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது. அங்கே காலையில் டிக்கெட் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சிங்கம், புலி, நீர்யானை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அதே எதிர்பார்ப்போடு முதுமலைக்குப் போனால் ஏமாற்றம் உறுதி.

இன்னொரு குழப்பம் கிண்டியில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே கிண்டியில் இறங்கலாம். பள்ளிக்கூடத்தில் நம்மைக் கூட்டிக்கொண்டு போனது அங்கிருக்கும் சிறுவர் பூங்காவுக்கு. அதை ஒட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் மரங்களாகத் தெரிவதுதான் கிண்டி தேசியப் பூங்கா. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. முதுமலைக்கும் சைலன்ட் வேலிக்கும் பொருந்தும் அதே சட்டம்தான் இந்தச் சின்னக் காட்டுக்கும். நகரத்துக்கு நடுவில் இருந்தும் நம்மில் பெரும்பாலானவர்கள் அதற்குள் போனதில்லை என்றால் காரணம் அந்தச் சட்டம்தான்.

ஒரே காடு, பல பெயர்ப்பலகை

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காடுகளைச் சில வகைகளாகப் பிரிக்கிறது. அதற்கும் முந்தியது 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். 'காப்புக்காடு' என்று சாலையோரக் கல்லில் எழுதியிருப்பது அந்த வழியில் வந்தது. அரசுக்குச் சொந்தமான காடு, அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது, நுழையக் கூடாது என்பது அதன் அடிப்படை. மலைக்காடு எல்லாமே தேசியப் பூங்கா என்று நினைத்துவிட வேண்டாம். நம் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பும் ஆந்திர எல்லை நாகலாபுரம் மலை காப்புக்காடுதான்.

அதற்கு மேலே சரணாலயம். இதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, பொன்னேரி தாண்டினால் பழவேற்காட்டில் இருக்கிறது. அந்த ஏரி பறவைகள் சரணாலயம். பூநாரைகள் வரும் இடம். ஆனால் அதே ஏரியில் மீனவர்கள் வலை போடுகிறார்கள், இறால் பிடிக்கிறார்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. சரணாலயம் என்று அறிவிக்கும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் மக்களின் உரிமைகளைத் தொடர அனுமதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பறவையும் இருக்கலாம், படகும் இருக்கலாம்.

தேசியப் பூங்காவுக்கு அந்த இடம் கிடையாது. எல்லைக்குள் வரும் நிலத்தின் மீது யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கலெக்டர் விசாரித்து, தீர்த்து, எல்லாம் அரசிடம் வந்து சேர்ந்த பிறகுதான் அறிவிப்பே முழுமையாகும். மாடு மேய்க்கக் கூடாது என்று சட்டம் நேராகவே சொல்கிறது. எல்லையை மாற்ற வேண்டுமானால் மாநில அரசு மட்டும் நினைத்தால் போதாது; தேசிய காட்டுயிர் வாரியத்தின் பரிந்துரை வேண்டும். பழவேற்காடு ஏரி நாளைக்குத் தேசியப் பூங்கா ஆனால் என்ன நடக்கும் என்று அங்கே படகு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகச் சொல்வார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே மீனவர்களுக்கும் வனத்துறைக்கும் உரசல் வருவதற்கு இதுதான் வேர். மலையிலும் கதை ஒன்றுதான். முதுமலைக் காட்டில் குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், தேசியப் பூங்காவுக்குள்ளும் அவர்களுடைய உரிமைகளை அங்கீகரிக்க வேண்டும் என்கிறது. இரண்டு சட்டமும் ஒரே மண்ணில் நிற்பதால் இழுபறி இன்னும் ஓயவில்லை. ஜீப்பில் போகும்போது காட்டுக்குள் ஒரு குடியிருப்பைப் பார்த்து, "இவங்கள மட்டும் எப்படி உள்ள விட்டாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நமக்கு முன்பே அங்கிருந்தவர்கள்.

சரி, புலிகள் காப்பகம் எங்கிருந்து வந்தது? அது இந்த வகைகளின் மேல் போர்த்தப்படும் இன்னொரு அடுக்கு. 1973-ல் மத்திய அரசு புலிகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2006-ல் சட்டத்தைத் திருத்தி, புலிகள் காப்பகத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். முதுமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் சரணாலயம். பின்னால் விரிந்து 321 சதுர கிலோமீட்டர். அதற்குள் 103 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. 2007-ல் மொத்தமும் புலிகள் காப்பகம். சுற்றியுள்ள காடுகளையும் சேர்த்த பிறகு 688 சதுர கிலோமீட்டர். அதனால்தான் ஒரே சாலையில் மூன்று விதமான பலகைகள் நிற்கின்றன.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பூங்கா, மன்னார் வளைகுடா. இதில் மலைக்காடு மூன்றுதான்.

வெறும் பலகையை மாற்றி என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். கேரளத்தில் அட்டப்பாடியை அடுத்த சைலன்ட் வேலியில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டத் திட்டமிருந்தது. பெரிய எதிர்ப்பு எழுந்து, திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கு தண்ணீருக்கடியில் போகாமல் இன்னும் காடாகவே இருக்கிறது.

யாருக்கு அனுமதி, எதுவரை

தேசியப் பூங்காவுக்குள் யார் போகலாம் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் காரணங்கள் குறைவு. காட்டுயிர் பற்றிய ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே இருப்பவர்களோடு முறையான வேலை. இதில் ஒன்றுக்காக வனத்துறை அனுமதி தர வேண்டும். ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எத்தனையோ பேர். பிறந்ததிலிருந்து கப்பல் ஊதுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் கேட்டில் பாஸ் காட்டாமல் உள்ளே போக முடியாது, பாஸ் இருந்தாலும் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. காட்டுக் கேட்டும் அப்படித்தான்.

புலிகள் காப்பகத்தை உள்மண்டலம், வெளிமண்டலம் என்று பிரித்திருப்பார்கள். உள்மண்டலம் விலங்குகளுக்கே விடப்பட்டது. வெளிமண்டலத்தில் ஊர்கள், வயல், எஸ்டேட் எல்லாம் கலந்திருக்கும். உள்மண்டலத்தில் சுற்றுலாவுக்கு விடும் பகுதி 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கை ஒட்டி வழிகாட்டு நெறி வந்தது. சஃபாரி வேன் அதே சில தடங்களில் திரும்பத் திரும்பச் சுற்றுவதற்கு இதுதான் காரணம். டிரைவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம்.

இப்போது முதல் புகாருக்கு வருவோம். தமிழ்நாட்டில் மொத்தப் புலிகள் 2022 கணக்கெடுப்பின்படி 306. இரை நிறைய உள்ள நல்ல காட்டிலேயே ஒரு பெண் புலி சுமார் 20 சதுர கிலோமீட்டரைத் தன் எல்லையாக வைத்திருக்கும். ஆணுக்கு அதைவிடப் பெரிய இடம் வேண்டும். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சி மொத்தமும் சுமார் 175 சதுர கிலோமீட்டர். தண்டையார்பேட்டையிலிருந்து அடையாறு தாண்டி வரைக்கும் அத்தனையும் காடாக இருந்தாலும் எட்டு, ஒன்பது பெண் புலிகளுக்குத்தான் இடம். அவையும் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் நடமாடுபவை. ஒரு மணி நேர வேன் பயணத்தில் அதில் ஒன்று குறுக்கே வரவில்லை என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வந்தால்தான் ஆச்சரியம்.

இறங்க விடாததற்கு முக்கியக் காரணம் விலங்கின் பார்வை. தினமும் வந்துபோகும் வண்டியைக் காட்டு விலங்குகள் ஒரு பெரிய, தீங்கு செய்யாத பொருளாகப் பழகிவிடுகின்றன. அதிலிருந்து இரண்டு கால் மனிதன் இறங்கி நின்றால் மான் ஓடும். குட்டியோடு இருக்கும் யானை விரட்டும். சாலையோரத்தில் நின்ற யானையோடு செல்ஃபி எடுக்கப் போனவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. யானை ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மலை ஏறினால் காடு மாறும்

சமவெளிக் காட்டில் இல்லாத ஒரு வசதி மலைக்காட்டில் இருக்கிறது. ஒரே நாளில் நாலு விதமான காட்டைப் பார்த்துவிடலாம். மிருகம் கண்ணில் படாவிட்டாலும் இதை யாரும் தடுக்க முடியாது. என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ராயபுரத்தில் 35 டிகிரி அடிக்கும் அன்றைக்கு அங்கே இருபதை ஒட்டித்தான் இருக்கும். இது உயரத்தின் வேலை. இன்னொன்று மழையின் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடும். கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. ஜூன், ஜூலையில் கேரளம் நனைய நாம் வேர்த்து வழிவதற்கும் இதுவே காரணம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் மேற்கு ஓரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கூடலூரிலிருந்து, முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குப் போங்கள். மொத்தமே 25 கிலோமீட்டர் அளவுதான். கூடலூர்ப் பக்கம் மழை முகம். ஈரமும் பச்சையுமாக இருக்கும். தெப்பக்காடு வந்தால் தேக்கும் மூங்கிலும் கலந்த இலையுதிர் காடு. பிப்ரவரி, மார்ச்சில் மொட்டையாக நிற்கும். மசினகுடியை நெருங்கினால் மரம் குட்டையாகி முள்காடு. புள்ளிமான் கூட்டமும் காட்டுமாடும் செந்நாயும் எங்கே இருக்கும் என்பதும் இந்தக் காட்டின் வகையைப் பொறுத்தே மாறுகிறது.

அதே மலையில் 2000 மீட்டருக்கு மேலே போனால் முற்றிலும் வேறு உலகம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா சுமார் 78 சதுர கிலோமீட்டர். முக்கூர்த்திச் சிகரம் 2554 மீட்டர். அங்கே மலைமுகடு முழுக்கப் புல்வெளி; பள்ளங்களில் மட்டும் குட்டையான, நெருக்கமான சோலைக்காடு. குளிர்காலத்தில் உறைபனி விழும் புல்வெளியில் மரக்கன்று பிழைப்பது கடினம். பள்ளத்தில் காற்றிலிருந்து மறைவும் ஈரமும் இருப்பதால் மரம் நிற்கிறது. வரையாடு வாழ்வது இந்தப் புல்லையும் பாறையையும் நம்பித்தான். நம் மாநில விலங்கு. 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1031 வரையாடுகள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தப் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து யூக்கலிப்டஸ், சீகை (வாட்டில்), பைன் மரங்களை நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஊட்டியில் நாம் வரிசை கட்டி நின்று போட்டோ எடுக்கும் பைன் காடு அப்படி நட்ட தோட்டம்தான். அழகாக இருக்கட்டும், மறுக்கவில்லை. நீலகிரியின் சொந்தக் காடு அது இல்லை.

முதுமலைச் சாலையில் மஞ்சள் பூவாகப் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற அந்நிய மரம் அது. தன் கீழே புல்லை வளர விடாது. புல் இல்லாவிட்டால் மான் இல்லை. நம் ஊரில் சீமைக் கருவேலம் செய்யும் வேலையை அங்கே இதுவும் உண்ணிச்செடியும் செய்கின்றன. வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

சோலையிலும் புல்வெளியிலும் விழும் மழை சட்டென்று ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் மெல்லக் கசியும். முக்கூர்த்தியில் பிறக்கும் பைக்காரா ஆறு மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு கலந்து, காவிரிக்குப் போகிறது. காவிரித் தண்ணீர் கொள்ளிடம் வழியாக வீராணம் வந்து, அங்கிருந்து குழாயில் சென்னைக்கு வருகிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் குழாய்களில் வருவதில் புழல் ஏரி நீரும், மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் நீரும்தான் அதிகம். அதிலும் மலைக்குப் பங்கு இருக்கிறது. கண்டலேறிலிருந்து கால்வாயில் பூண்டிக்கும் புழலுக்கும் வரும் கிருஷ்ணா நதி மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வர் மலையில் பிறந்தது. நகரி மலைப்பக்கம் பெய்யும் மழை நகரி ஆறாகப் பூண்டிக்கு வந்து, கொசஸ்தலையாக எண்ணூரில் கடலைத் தொடுகிறது.

முதலில் எங்கே போகலாம்

நமக்கு மிக அருகில் உள்ள மலைக்காட்டுத் தேசியப் பூங்கா நீலகிரியில் இல்லை, திருப்பதியில் இருக்கிறது. பலர் அதன் ஓரத்தில் நடந்தும்விட்டார்கள், தெரியாது, அவ்வளவுதான். சேஷாசலம் மலையில் 353 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989-ல் அறிவிக்கப்பட்டது. யானைகவுனி தாண்டும் திருப்பதிக் குடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலிபிரியின் 3550 படிகள் புதிதல்ல. அந்தப் படிகளின் இருபுறமும் தெரியும் காடு சிறுத்தை வாழும் காடு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகுதான் மதியத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு நடக்கக் கட்டுப்பாடு, கூட்டமாகப் போகச் சொல்வது எல்லாம் வந்தன. பிள்ளைகளைத் தனியாக முன்னே ஓட விடாதீர்கள்.

கோயில் தரிசனத்தோடு ஒரு நாள் சேர்த்தால் தலகோனா அருவிக்குப் போய்வரலாம். திருப்பதியிலிருந்து பாகராபேட்டை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். அருவியின் உயரம் 270 அடி. மாதவரத்திலிருந்து திருப்பதிக்கு பஸ் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம் என்பதால் அக்டோபருக்குப் பிறகு போனால் தண்ணீர் நன்றாக இருக்கும். மே மாதம் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். இந்த மலையைச் சுற்றிய பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் செம்மரம். துறைமுகக் கன்டெய்னரில் சுங்கத்துறை பிடித்த செம்மரக் கட்டை என்று நாம் படிக்கும் செய்தி இந்தக் காட்டில்தான் தொடங்குகிறது. 2015 ஏப்ரலில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லித் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றதும் இந்த மலையில்தான். அதனால் அனுமதித்த பாதையை விட்டு விலகி "சும்மா உள்ள போய்ப் பாக்கலாம்" என்பது அங்கே விளையாட்டுப் பேச்சு ஆகாது.

விலங்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் அடம் பிடித்தால் என் சிபாரிசு மூணாறு பக்கத்து இரவிகுளம். 97 சதுர கிலோமீட்டர், 1978-ல் தேசியப் பூங்கா. வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏற்றிப் போய் விடுவார்கள், சாலையிலேயே நடக்கலாம். வரையாடு மனிதரைப் பழகிப்போய்ப் பத்தடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஆனைமுடி, 2695 மீட்டர், தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம், தலைக்கு மேலே நிற்கும். ஆடு குட்டி போடும் பருவமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் கிளம்பும் முன் விசாரியுங்கள். நீலக்குறிஞ்சி பார்க்க வேண்டுமென்றால் 2030 வரை பொறுத்திருக்க வேண்டும். கடைசியாகப் பூத்தது 2018-ல்.

முக்கூர்த்தி, சைலன்ட் வேலி எல்லாம் அடுத்த கட்டம். முக்கூர்த்தியில் வேன் சஃபாரி என்று ஒன்றும் நடப்பதில்லை. சைலன்ட் வேலிக்கு முக்காலி என்ற ஊரிலிருந்து வனத்துறை ஏற்பாட்டில் ஜீப்பில் 23 கிலோமீட்டர் போக வேண்டும்; மழைக்காடு என்பதால் கண்ணுக்கு முன்னால் பத்தடிக்கு மேல் தெரியாது. காட்டைக் காதால் பார்க்கப் பழகியவர்களுக்கு அது சொர்க்கம்.

நடக்க ஆசைப்பட்டால் ட்ரெக் தமிழ்நாடு என்ற அரசுத் திட்டம் 2024-ல் வந்திருக்கிறது. 40 பாதைகள், ஆன்லைன் பதிவு, கூடவே வழிகாட்டி. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 23 பேர் இறந்த பிறகு விதிகள் இறுகின. அனுமதியில்லாமல் யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் கூட்டிப்போவதை நம்பிக் கிளம்பாதீர்கள். ட்ரெக் தமிழ்நாடு பட்டியலில் நம் பக்கத்துக் குடியம் குகைப் பாதையும் இருக்கிறது, பூண்டி தாண்டி. தேசியப் பூங்கா இல்லை, பெரிய மலையும் இல்லை. ஆனால் வெயிலில் காட்டுப் பாதையில் நடக்க உங்கள் கால் தயாரா என்று சோதித்துப் பார்க்க அதைவிடப் பக்கத்தில் இடம் கிடையாது.

கிளம்புவதற்கு முன்

முதுமலைக்குச் சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ். சொந்த வண்டி, வாடகை வண்டி எதில் போனாலும் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள், அதனால் ஊட்டியில் ரூம் போடும் முன்பே பாஸ் எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. செக்போஸ்ட்டில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

மே மாத லீவில் போகாதே என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள். போங்கள், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். கோடையில் இலை உதிர்ந்திருப்பதால் தூரம் வரை தெரியும், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு யானை வந்தே ஆகும். அதே நேரம் காட்டுத்தீ பயத்தில் சஃபாரியையோ மலைப்பாதையையோ மூடிவிடவும் கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கம் அட்டைக் கடியும் மண்சரிவும் சகஜம். நீலகிரிக்கு எனக்குப் பிடித்தது மழை ஓய்ந்த பிறகு வரும் டிசம்பர், ஜனவரி. குளிரும், அவ்வளவுதான்.

சஃபாரிக்குக் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். பளபளக்கும் சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம், ஃபோன் பாட்டு வேண்டவே வேண்டாம். வண்டியில் முப்பது பேர் "அதோ! அதோ!" என்று கத்தினால் சிறுத்தை என்ன, முயல்கூட நிற்காது. மந்தி மரத்தின் மேலிருந்து திடீரென்று கரகரத்த குரலில் கத்த ஆரம்பித்தாலோ, புள்ளிமான் கூட்டம் ஒரே திசையைப் பார்த்து விறைத்து நின்றாலோ, டிரைவரை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். புலியோ சிறுத்தையோ அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கலாம். குரங்குக்கு முறுக்கு போடாதீர்கள். நாளைக்கு அது அடுத்தவர் கைப்பையைப் பிடுங்கும்.

மசினகுடியில் ஜீப் ஓட்டுபவர் யாராவது "நைட் சஃபாரி போலாமா சார்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி ஒன்றுக்கு அனுமதியே கிடையாது. பிடிபட்டால் அபராதம் உங்களுக்கும் உண்டு. தங்கும் இடத்தையும் விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி யானைகள் கடந்துபோகும் வழித்தடம். அங்கே கட்டிய ரிசார்ட்டுகள் அகற்றப்பட வேண்டும் என்ற வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் யானைப் பக்கமே நின்றது. வனத்துறையின் விடுதி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கூடலூர் டவுனில் தங்குங்கள்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் தூரம் குறைவு என்று மேப் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்துப் பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, விபத்துகள் அவ்வளவு. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், அதற்கான நேரத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை சஃபாரி முடித்துவிட்டு அப்படியே மைசூருக்குப் போகத் திட்டமிட்டால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். எட்டு மணிக்குள் தெப்பக்காட்டைத் தாண்ட முடியாது என்று தோன்றினால், மைசூரை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு அங்கேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுங்கள்.